ஒன்பது வருடம் சுற்றிய காற்றாலை

பல்செட்டுக்காரர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதை மாதம் ஒரு தடவை வீதம் ஒன்பது வருடம் சொன்னார் என்பதுதான் சங்கடம்.

மற்றபடி அவரைப் போல ஓர் அப்பாவியைத் தேடிப் பிடிக்க வேண்டும். வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு செய்து, அதில் பல் பதித்து, ஊரில் பாதிப் பேரைச் சிரிக்க வைத்தவர். யார் முகத்தைப் பார்த்தும் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு வராது. செட்டு போட்டால் வலிக்கிறது என்று யாராவது வந்து நின்றால், "தப்பு என்மேலதாங்க" என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் வாயைத் திறக்கச் சொல்லுவார். இப்படிப்பட்டவரிடம் வீட்டுக் காற்றாலை ஆணையத்தின் ஆட்கள் வந்து, "உங்க வீட்டுல ஒரு காற்றாலை வைக்கலாமா?" என்று கேட்டால் என்ன நடக்கும்? வைத்தார்கள்.

அவர் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அங்கே நாற்பதடிக் கம்பத்தை நிறுத்தி, நாலு பக்கமும் இழுகம்பி கட்டி, உச்சியில் மூன்று இறக்கை வைத்த எந்திரத்தைப் பூட்டினார்கள். கம்பத்தின் அடியில் கீல் இருந்தது. வேண்டுமானால் கம்பத்தை அப்படியே சாய்த்துப் படுக்க வைக்கலாம். ஆனால் அந்தக் கீலில் ஆணையத்தின் ஈய முத்திரை. அதை உடைப்பது குற்றம். நல்ல காற்றடிக்கும் நாள்தான் அது. இறக்கை அசையவில்லை.

"புது இடம் சார். கொஞ்சம் பழகணும்" என்றார் மேஸ்திரி, வண்டியில் ஏறிக்கொண்டே.

முதல் மாத முடிவில் அளவுக்காரர் வந்தார். மீட்டர் பன்னிரண்டடி உயரத்தில் இருந்தது. ஏணி வைத்து ஏறித்தான் அளவு எடுக்க வேண்டும் என்பது விதி. அளவுக்காரர் கனத்த மனிதர். வலது முட்டி மடங்காது. ஒரு காலத்தில் இதே ஆணையத்தில் கம்பம் நிறுத்தும் ஆளாக இருந்து, கம்பத்திலிருந்து விழுந்து, அதற்குப் பரிசாக ஏணி ஏறும் வேலை கிடைக்கப்பெற்றவர். அவர் ஏணியைப் பார்த்தார். முட்டியைத் தடவிக்கொண்டார். அப்புறம் பல்செட்டுக்காரரைப் பார்த்து, "சுத்துதுங்களா?" என்றார்.

சுற்றவில்லை என்றால் பதினாலு பக்கப் படிவம் ஒன்று உண்டு. அளவுக்காரரே உச்சி வரை ஏறி, இறக்கைகளை அளந்து நிரப்ப வேண்டியது. பல்செட்டுக்காரர் அந்த முட்டியை ஒரு தரம் பார்த்தார்.

"சுத்துது" என்றார்.

யார் வீட்டுக்காவது போனால், வயிறு காய்ந்தாலும் 'சாப்பிட்டாச்சு' என்று சொல்லுவோமே, அந்த மாதிரி சொன்னதுதான். அதற்கு மேல் அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அளவுக்காரர் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்தார். ஏட்டில் முப்பத்தொன்று என்று எழுதினார். அடுத்த மாதம் முப்பத்து மூன்று.

"ஒரே எண்ணை எழுதினா சந்தேகப்படுவாங்க சார். ரெண்டு ரெண்டா ஏத்தினா இயற்கையா இருக்கும்."

இயற்கையாகவே ஏறி ஏறி, ஒன்பதாவது வருட முடிவில் அது இருநூற்று நாற்பத்தைந்தில் நின்றது. உச்சியில் எந்திரமும் நின்றது, வைத்த நாளிலிருந்து நின்ற இடத்திலேயே.

இந்தப் பொய் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்றுதான் பல்செட்டுக்காரர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு நாள் காலை துணி காயப்போட மனைவிக்கு ஒத்தாசையாகச் சந்துக்குப் போனவர், தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். கம்பம் தங்கை வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது.

காரணம் கையிலேயே இருந்தது. தங்கள் பக்கத்து இழுகம்பியைத்தான் மனைவி கொடியாக வைத்திருந்தாள். ஒன்பது வருட ஈரத்துணி. கம்பியைப் பிடிக்கும் கிளிப்புகள் துருவேறி, தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தன. கம்பி தொய்ந்து கிடந்தது.

தங்கையிடம் சொல்ல அவள் வீட்டுக்குப் போனார். கம்பம் விழுந்தால் நேராக அவள் படுக்கையறை மேல்தான் விழும். அந்த அறை காலியாக இருந்தது. கட்டில் சமையலறையில், அடுப்புக்கும் பாத்திர அலமாரிக்கும் நடுவே கிடந்தது.

"ஏம்மா கட்டிலை இங்க போட்டிருக்கே?"

"இங்கதான் அண்ணா நல்லாக் காத்து வருது."

அந்தச் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. தங்கை அவர் முகத்தைப் பார்க்காமல் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். தனி மனுஷி. அண்ணன் பக்கத்தில் இருக்கிறான் என்ற ஒரே தைரியத்தில் அந்த வீட்டில் இருக்கிறவள். எத்தனை நாளாக இப்படிப் புகைக்குள் படுக்கிறாளோ?

"கம்பத்தை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாளே ஆணையத்துக்குப் போனார். காற்றுக்காலம் தொடங்க ஆறு வாரம் இருந்தது.

ஆணையத்தின் அலுவலகத்தில் ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். திறந்தால் காகிதம் பறக்கும். பிரிவு அதிகாரியின் மேசை மேல் இரண்டு தட்டுகள். ஒன்றில் 'பாராட்டு' என்றும் மற்றதில் 'மேலும் பாராட்டு' என்றும் எழுதியிருந்தது.

"கம்பத்தைக் கழட்டணும் சார்."

"சுத்துதா?"

பழக்க தோஷம். "சுத்துது" என்று சொல்லிவிட்டார்.

"சுத்தறதைக் கழட்ட முடியாது. பொதுச்சொத்து."

"அப்படின்னா... சுத்தாததை?"

"அதுக்குப் படிவம் இருக்கு. இணைப்பா, ஏற்கெனவே கழட்டின சுத்தாத காற்றாலை ஒண்ணோட எண்ணைக் குறிப்பிடணும். அதை முன்மாதிரியா வச்சுத்தான் அனுமதி தருவோம்."

"அந்த எண் என்னங்க?"

"இதுவரைக்கும் நம்ம வட்டாரத்துல சுத்தாத காற்றாலையே இல்ல சார்" என்றார் அதிகாரி, பெருமையோடு. "நானூத்திப் பன்னெண்டும் சுத்துது."

அவர் ஏட்டைப் புரட்டினார். பல்செட்டுக்காரரின் எண்ணைக் கண்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இருநூத்தி நாப்பத்தஞ்சா? நீங்களா அது? வட்டாரத்துலேயே முதல் ஆளு நீங்கதான் சார்! இவ்வளவு நாள் எங்க ஒளிஞ்சிட்டிருந்தீங்க?"

கம்பத்தைக் கழற்றப் போனவர், பாராட்டு விழாவுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

விழா நாளன்று, காலத்துக்கு முன்பே ஒரு பேய்க்காற்று. சந்து முனையில் மேடை போட்டிருந்தார்கள். பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. வரவேற்புரை காற்றில் பறந்து பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. காகிதம் பொறுக்குவதில் அத்தனை அதிகாரிகளும் குனிந்தபடியே இருந்தார்கள். உச்சியில் மூன்று இறக்கைகளும் சுவரில் மாட்டிய படம்போல நின்றன. கூட்டத்திலிருந்த தபால்காரர் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "என்னங்க, அது நிக்கிற மாதிரி இருக்கே?" என்று கேட்டுவிட்டார்.

ஆணையத்தின் இயக்குநர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு ஒலிபெருக்கி முன் வந்தார்.

"நண்பர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். சுழற்சி என்பது கண்ணால் பார்க்கிற விஷயமல்ல. கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறவன் காற்றையே நம்ப மாட்டான்! அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றுகிற பொருள், நிற்பதுபோலத்தான் தெரியும். இந்தக் காற்றாலை எந்த அளவுக்கு நிற்கிறது பாருங்கள்! நான் இந்த ஆணையத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். இதுவரை ஒரு காற்றாலையைக்கூட நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஏன்? நம்பிக்கை! எங்கள் ஏடுகள் மேல் அவ்வளவு நம்பிக்கை! பார்க்கத் தொடங்கினால் ஏடு எதற்கு?"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பல்செட்டுக்காரரைப் பேசக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முந்தின நாளெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். மேடையிலிருந்து பார்த்தபோது முன்வரிசையில் தங்கை உட்கார்ந்திருந்தது தெரிந்தது. புதுச்சேலை கட்டிக்கொண்டு, அண்ணனுக்கு விழா என்று வந்திருந்தாள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவமானத்தில் காது மடல் எரிந்தது.

விழா முடிந்ததும் கௌரவப் பலகை மாட்டினார்கள். வார்ப்பிரும்பு, நாற்பது கிலோ, இயக்குநரின் பெயர் மட்டும் பொன்னிறத்தில். கம்பத்தில் பதினைந்தடி உயரத்தில், தங்கை வீட்டைப் பார்த்தாற்போல முடுக்கினார்கள். அந்தப் பெயரை மறைத்துக்கொண்டு ஓர் இழுகம்பி குறுக்கே போயிற்று. அதை அவிழ்த்து, நயமாக ஓரத்தில் ஒதுக்கிக் கட்டிவிட்டுப் போனார்கள்.

சாய்வு இப்போது தெரு முனையிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. தங்கை ஒன்றும் கேட்கவில்லை. சமையலறைக் கட்டிலை இன்னும் ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டாள். சந்துக்கு அப்பாலிருந்து அந்த இழுபடும் சத்தம் பல்செட்டுக்காரருக்குக் கேட்டது. அவர் கையிலிருந்த மெழுகு ஈறு நசுங்கிப் போயிற்று.

"என்னங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா கம்பம் நிமிருமா? போய் உள்ளதைச் சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி.

இரண்டு பக்கம் எழுதினார். முதல் மாதத்திலிருந்து சுற்றவேயில்லை, நான் சொன்னது பொய், தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன், கம்பத்தை மட்டும் உடனே இறக்குங்கள். பிரிவு அதிகாரி படித்தார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. 'மேலும் பாராட்டு' தட்டில் வைத்தார்.

"சார், அது ஒப்புதல் வாக்குமூலம்."

"தட்டு ரெண்டுதானே சார் இருக்கு?" அதிகாரி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியது. "நீங்க நல்ல மனுஷர். அதனால சொல்றேன். உங்களது சுத்தலைன்னு நான் எழுதினா, மத்த நானூத்திப் பதினொண்ணும் சுத்துதான்னு யாராவது கேப்பாங்க. கேட்டா நாங்க போய்ப் பாக்கணும். பாத்தா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க? எங்களுக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? தெரியும் சார். தெரிஞ்சுதான் பாக்காம இருக்கோம். அது ஒரு நிர்வாகத் திறமை."

"கம்பம் என் தங்கச்சி மேல விழும் சார்."

"சுத்துற கம்பம் விழாது சார், ஏடு அப்படித்தான் சொல்லுது." அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "இன்னொண்ணு. உங்க அளவுக்காரர் அடுத்த மாசம் ஓய்வு பெறுறார். இந்தக் காகிதம் மேல போச்சுன்னா அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. யோசிச்சுக்கங்க."

பல்செட்டுக்காரர் திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தார். வாயைத் திறந்தால் முட்டி மடங்காத மனுஷனின் வயிற்றில் அடித்த பாவம். மூடிக்கொண்டால் கூடப்பிறந்தவளைக் கொன்ற பாவம். பல்லைக் கட்டிக் கொடுக்கிற தொழில் செய்கிறவன், வாயைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இத்தனை வருஷம் இருந்துவிட்டேனே என்று நொந்துகொண்டார்.

அந்த வாரமே அளவுக்காரர் கடைசி அளவு எடுக்க வந்தார். டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனவரிடம் பல்செட்டுக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கம்பம், கட்டில், ஓய்வூதியம், எதையும் விடவில்லை. அளவுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். நொண்டிக்கொண்டே சந்துக்குப் போய், ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயையோ" என்றார். தொய்ந்த கம்பியை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு, "என் முட்டிக்காகத்தானே சார் சொன்னீங்க? நாளைக்குக் காலைல வர்றேன். கம்பம் இறக்க எனக்குத் தெரியும். உங்க வீட்டம்மாவையும் தங்கச்சியையும் தயாரா இருக்கச் சொல்லுங்க."

"உங்க ஓய்வூதியம்?"

"கம்பம் விழுந்து அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆயிட்டா, அதை வாங்கித் திங்க எனக்கு வாய் வருமா? நீங்க கட்டின பல்லுதான் சார் உள்ள இருக்கு."

மறுநாள் காலை காற்றில்லை. அளவுக்காரர் கை வின்ச்சும் கப்பியும் வடமும் கொண்டுவந்தார். முதல் வேலையாகத் தொய்ந்த கம்பிக்குப் பதில் தடித்த வடம் கட்டிக் கம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். பலகையைக் கழற்றிக் கயிற்றில் இறக்கினார்கள். கம்பத்தின் அடியில், அதற்குச் செங்குத்தாக ஒரு துணைக்கம்பத்தைப் பொருத்தி, அதன் நுனியிலிருந்து வின்ச்சுக்கு வடம் போட்டார். பக்கவாட்டில் ஆடாமல் இருக்க மனைவி ஒரு கயிற்றையும் தங்கை ஒரு கயிற்றையும் பிடித்துக்கொண்டார்கள். முத்திரையைப் பல்செட்டுக்காரரே வெட்டினார், பிளாஸ்டர் வெட்டுகிற கத்தரியால். குற்றம் செய்கிறோம் என்று தெரிந்தும் அந்த ஒரு நிமிடம்தான் அவருக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

"விடுங்க... விடுங்க... மெதுவா. அம்மா, இழுத்துப் பிடிங்க! உங்க அண்ணி பக்கம் தொய்யுது பாருங்க!" என்று அளவுக்காரர் குரல் கொடுத்தார்.

நாற்பதடிக் கம்பம் கொல்லைப் பக்கமாகச் சாய்ந்து, கடைசியில் வைக்கோல் மூட்டை மேல் தலை சாய்த்தது. நாலு பேரும் உச்சிக்குப் போய்ச் சுற்றி நின்றார்கள். ஒன்பது வருடமாகத் தலைக்கு மேலிருந்த எந்திரத்தை அன்றுதான் அருகில் பார்க்கிறார்கள். இறக்கைகளுக்குப் பின்னால், சுழலும் தண்டின் குறுக்கே ஒரு போல்ட். அதில் வெயிலில் வெளுத்துப்போன சிவப்பு நாடா. நாடாவில் ஒரு தகரச்சீட்டு: 'ஏற்றுமதிப் பூட்டு. நிறுவும்போது கழற்றிவிடவும்.'

அளவுக்காரர் ஸ்பேனரை நீட்டினார். பல்செட்டுக்காரர் கழற்றினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மனைவி மூச்சு விட்டதுதான் காரணமோ என்னவோ, இறக்கைகள் சத்தமே இல்லாமல் சுற்ற ஆரம்பித்தன. ஒரு உரசல் இல்லை. புத்தம் புது எந்திரம்.

யாரும் சிரிக்கவில்லை.

"முதல் நாள் நான் ஏறியிருந்தா..." என்றார் அளவுக்காரர்.

"முதல் நாள் நான் 'இல்ல'ன்னு சொல்லியிருந்தா" என்றார் பல்செட்டுக்காரர். அப்புறம் தங்கை பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சிடும்மா. இது ஒரு நாள்கூடச் சுத்தினதில்ல. ஊரெல்லாம் சுத்துதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"எனக்குத் தெரியும் அண்ணா."

"தெரியுமா?"

"என் ஜன்னல்ல இருந்து அதைத்தானே ஒம்பது வருஷமாப் பாக்கறேன்? சாஞ்சதும் எனக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது."

"அப்ப ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

தங்கை கையிலிருந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "நீ எல்லார்கிட்டயும் சுத்துதுன்னு சொல்லிட்டே. நான் போய் இல்லைன்னு சொன்னா, உன்னைப் பொய்யன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? அதான் கட்டிலை மாத்திப் போட்டேன்."

ஆணையத்தில் நிமிர்ந்து பார்க்காதவர்கள் இருந்தார்கள். இங்கே ஒருத்தி பார்த்துவிட்டு, அண்ணனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு புகையில் படுத்திருக்கிறாள். பல்செட்டுக்காரர் வைக்கோல் மூட்டை மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அளவுக்காரர் ஏட்டை எடுத்து அந்த மாதக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினார். "என் சர்வீஸ்ல நான் பாத்து எழுதின முதல் எண்" என்றார். கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் பிரித்து எடுக்கிற வேலை. காந்தங்கள் வெளியே வந்ததும் பல்செட்டுக்காரரின் அத்தனை மெழுகுக் கத்திகளும் மேசையிலிருந்து தாவி அதில் போய் ஒட்டிக்கொண்டன. செப்புக் கம்பிச் சுருள் அளவுக்காரர் வீட்டுக்கு. எந்திரத்தின் வால் தகடு தங்கையின் சமையலறைக்கு. புகை போகச் சுவரில் துளை போட்டு அதன் மேல் மழைத் தடுப்பாகப் பொருத்தினார்கள். தண்டும் பேரிங்கும் ஒரு தையல் மிஷின் மிதிகட்டையோடு சேர்ந்து, பல்லுக்கு மெருகு போடும் சக்கரமாக முன்னறைக்கு வந்தது. காலை வைத்தால் பட்டுப்போலச் சுற்றும். ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் அவருக்கு நெஞ்சில் ஒரு குத்தல். வார்ப்பிரும்புப் பலகையை மனைவி கவிழ்த்துப் போட்டு அதன்மேல் துணி துவைத்தாள்.

தண்டனையை எதிர்பார்த்துப் பல்செட்டுக்காரர் மூன்று வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கடிதம்தான் வந்தது.

'தங்கள் காற்றாலையின் சென்ற மாத அளவு பூஜ்யம் எனப் பதிவாகியுள்ளது. பூஜ்யம் என்பது ஆணையத்தால் அங்கீகரிக்கப்பட்ட எண் அல்ல என்பதால், பணி ஓய்வுத் தறுவாயில் அளவுக்காரருக்கு ஏற்பட்ட கைத்தவறாகக் கருதி, அது இருநூற்று நாற்பத்தேழு எனத் திருத்தப்பட்டது. அவரது நீண்ட, பிழையற்ற சேவை பாராட்டப்படுகிறது. தங்கள் இரண்டு பக்கப் பாராட்டுக் கடிதமும் கிடைத்தது. காற்றாலை தொடர்ந்து சுற்ற வாழ்த்துகள்.'

ஓய்வூதியம் பிழைத்தது. அவரும் பிழைத்தார். கம்பம் மட்டும் ஏட்டில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனவனைக் கையைப் பிடித்து வாழ்த்தி அனுப்புகிறார்களே, இதை எங்கே போய் இறக்கி வைப்பது என்று அவருக்குப் புரியவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார்.

அன்றைக்குத்தான் கட்டில் பழைய அறைக்குத் திரும்புகிறது. ஆளுக்கொரு பக்கம் தூக்கி ஜன்னலோரம் போட்டார்கள். தங்கை படுக்கையை உதறி விரித்தாள். ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். கம்பம் நின்ற இடத்தில் வெறும் வானம். அதற்குப் பக்கத்தில், அண்ணன் வீட்டு மாடி விளிம்பில் தண்ணீர்த் தொட்டி.

அவள் கொஞ்சம் தயங்கினாள். தயங்கிவிட்டு, இந்தத் தடவை கேட்டே விட்டாள்.

"அண்ணா, உங்க தண்ணித் தொட்டி இந்தப் பக்கம்தானே இருக்கு. அது நல்லா இருக்கா?"

"அதெல்லாம் நல்லா..." என்று பல்செட்டுக்காரரின் வாய் தன்னால் ஆரம்பித்தது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தெரியலம்மா" என்றார். "வந்து ஏணியைப் பிடி."